சுறா பீலி: கடலுக்குப் போகுமுன் படிங்க

அண்ணன்மாரே, தம்பிமாரே,

எந்தச் சுறாவின் பீலி (துடுப்பு) ஆனாலும் ஏற்றுமதிக்கு 2015 பிப்ரவரியிலிருந்து தடை. பீலியை அறுத்துவிட்டு உடலைக் கடலில் வீசுவது 2013 முதலே கூடாது. காய்ந்த பீலியை வேறு சுறாவுடையது என்று சொல்லியும் தப்ப முடியாது. உதாரணமா, கொம்பன் சுறாவின் (சுத்தியல் தலைச் சுறா) முதுகுப் பீலி ஒல்லியாக, அடியகலத்தைவிட உயரமாக, வெளிறிய பழுப்பில் இருக்கும்; பார்த்ததுமே தெரியும். தோலுரித்தது என்றால் டிஎன்ஏ சோதனை காட்டிவிடும்.

அம்மணி உழுவையும் (திமிங்கலச் சுறா) வேளாவும் (ரம்பம் போன்ற நீண்ட மூக்குள்ள மீன்) 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, பிடிக்கவே கூடாது. உழுவை வலையில் பட்டால் வாலில் கயிறு கட்டி இழுக்காதீங்க. செவுளில் தண்ணீர் எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து மூச்சு முட்டும். தண்ணீரிலேயே வைத்து வலையை அறுங்க. வேளாவின் கொம்பை (அந்த ரம்ப மூக்கை) ஒடிக்கவே வேண்டாம், அது திரும்ப முளைக்காது, அதுதான் இரை தேடும் கருவி. கொம்பின் பல்லில் மாட்டிய வலைக் கண்ணிகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டுங்க. கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.