காசாவும் காசிமேடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர், "காசாவுக்கும் காசிமேட்டுக்கும் என்ன சம்பந்தம்? நம் ஊரில் ஏன் இந்த ஆர்ப்பாட்டங்கள்?" என்று கேட்டிருந்தார். மோனை அழகாக விழுந்துவிட்ட திருப்தியில் பதிலுக்குக் காத்திருக்காமல் முடித்துக்கொண்டார். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஏறுகிற, இறங்குகிற சரக்கை எண்ணிக் கோடு போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் இந்தக் கேள்விக்குச் சரக்குக் கணக்கிலிருந்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

2024 மே மாதம் ஸ்பெயின் அரசு ஒரு கப்பலைத் தன் கார்த்தஹேனா துறைமுகத்துக்குள் விட மறுத்தது. கப்பலின் பெயர் 'மரியான் டானிகா', கட்டியிருந்தது டென்மார்க் கொடி. அதில் ஏறத்தாழ 27 டன் வெடிபொருள் இருந்ததாகவும், அது இஸ்ரேலின் ஹைஃபாவுக்குப் போவதாகவும் அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. ஸ்பெயின் வெளியுறவு அமைச்சரே அனுமதி மறுத்ததை உறுதி செய்தார். அந்தக் கப்பல் புறப்பட்ட ஊர் சென்னை. எங்கோ இருக்கிற ஸ்பெயினுக்குத் தெரிந்த சம்பந்தம், கல்மண்டபத்தில் பஸ் ஏறுகிற நமக்குத் தெரியாமல் போனது.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 2024 பிப்ரவரியில், இந்தியாவின் 11 பெரிய துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் ஓர் அறிக்கை விட்டிருந்தது. பாலஸ்தீனப் போருக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏப்ரலில் கப்பல் போயே விட்டது என்று பிறகு தெரிந்தபோது குனிந்தது. சங்கத்துத் தோழர்களை நான் குறை சொல்லமாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சரக்கைக் கண்ணால் பார்த்தோம். மூட்டை கிழிந்தால் உள்ளே இருப்பது கோதுமையா கந்தகமா என்று மேஸ்திரி முதல் சுமை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். வெடிபொருள் என்றால் கிடங்குக்கே வராது. ஆரஞ்சு நிற லேபிளோடு நேரே கப்பலருகே வரும், பக்கத்தில் தீயணைப்பு வண்டி நிற்கும், யாரும் பீடி பற்றவைக்க முடியாது. கன்டெய்னர் வந்த பிறகு எல்லாம் பெட்டியாகிவிட்டது. பெட்டிக்கு எண் உண்டு, சீல் உண்டு. உள்ளே இருப்பது காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும், அந்தக் காகிதம் தொழிலாளியின் கைக்கு வருவதில்லை. எதை ஏற்றுகிறோம் என்று தெரியாதவன் எதை ஏற்ற மறுப்பான்?

இதைப் பேசத்தான் எங்கள் பகுதியில் இருபது பேர் ஞாயிறு மாலைகளில் கூடுகிறோம். தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்று பேசலாம் என்று முதலில் நினைத்தோம். அனுமதி கேட்கப் போன இடத்தில், ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தோம். பிறகு வள்ளுவர் கோட்டத்துக்கோ எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கமோ போகச் சொன்னார்கள். அங்கே போனால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களிடம்தான் பேச முடியும். எங்களுக்கு வேண்டியது மீன் வாங்க வருகிறவர்களின் காது. கடைசியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும் என்பதால், அது ஒருவகையில் பொருத்தமாகவே அமைந்தது.

அங்கே வருகிறவர்களில் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாள் உண்டு. காசா 365 சதுர கிலோமீட்டர், நம் மாநகராட்சி எல்லையே 426 என்று ஒரு கல்லூரி மாணவி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்கு அதில் ஆர்வமில்லை. "அவர்கள் கடலில் எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்டார். இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தத்தில் 20 கடல் மைல் என்று எழுதியிருந்தாலும், போருக்கு முன்பே இஸ்ரேல் அதை ஆறாகவும் சில சமயம் மூன்றாகவும் சுருக்கிவிடும் என்றோம். "மூன்று மைலிலா? அங்கே என்ன மீன் கிடைக்கும், குஞ்சுதான் கிடைக்கும்" என்றார். காசாவின் சுகாதார அமைச்சகம் 2025 அக்டோபர் வரை சொன்ன 67,000க்கு மேற்பட்ட சாவுக் கணக்கை நாங்கள் பலமுறை அங்கே படித்திருக்கிறோம். அவர் முகம் மாறியது அந்த மூன்று மைலுக்குத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஓர் இளைஞன் யூதர்களையே திட்ட ஆரம்பித்தான். எங்களில் மூத்தவர் ஒருவர் அவனை நிறுத்தி, மறுநாள் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் பவளக்காரத் தெருவுக்கு அழைத்துப்போனார். அந்தப் பெயரைக் கொடுத்த பவள வணிகர்களில் யூதர்கள் இருந்தார்கள். 1688ல் நம் மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் ஆல்டர்மேன்களிலும், அதாவது மாநகராட்சி மன்ற உறுப்பினர்களிலும், யூதர்கள் இருந்தார்கள். 2023 அக்டோபர் 7ல் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதையும் எங்கள் மாடியில் யாரும் நியாயப்படுத்துவதில்லை. அப்படி நியாயப்படுத்துகிறவருக்கு அங்கே தேநீர் கிடையாது.

"ஈழத்தில் செத்தபோது எங்கே போனீர்கள்?" என்றும் அந்த வாசகர் கேட்டிருக்கிறார். 2008 அக்டோபரில் மழையில் நனைந்துகொண்டே மனிதச் சங்கிலியில் நின்றேன். பக்கத்தில் நின்றவரின் குடைக்கம்பி என் காதில் குத்தியதுகூட நினைவிருக்கிறது. அன்று உலகம் நம்மைப் பார்த்து, "உங்களுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் கேட்டது.

இஸ்ரேலுக்கான ஆயுத ஏற்றுமதி உரிமங்களை ரத்து செய்யக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்று சொல்லி. இருக்கட்டும். உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி நான் உங்களிடம் கேட்கவில்லை. என் இளமையில் நாளிதழ்களில் கப்பல் வரவு, புறப்பாட்டுப் பட்டியல் வரும். எந்தக் கப்பல், எங்கிருந்து, எங்கே என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வேலைக்குக் கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சட்டையை மாட்டுவேன். அந்தப் பட்டியலை உங்கள் இதழில் மறுபடி வெளியிட முடியுமா? ஹைஃபா என்றோ அஷ்தோத் என்றோ ஓர் இஸ்ரேல் துறைமுகத்தின் பெயர் வந்தால், அதற்கு நேரே என்ன சரக்கு என்று கேட்டுப் போட உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். கேட் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், கூட வர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
ராயபுரம், சென்னை-13.