என் பையனின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்: பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்கே தெரியும், முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. பிளஸ் ஒன் படிக்கும் என் பையனின் பையிலிருந்து எடுத்த, அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலைத் திருப்பிக் கொடுங்கள், கேட்பது இவ்வளவுதான். அது பள்ளிச் சொத்து இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி வாங்கியது.

டைரியில் சிவப்பு மையில் ‘ஒழுக்கக்கேடான நூல்’ என்று எழுதி, மன்னிப்புக் கடிதத்தோடு வரச் சொன்னீர்கள். கடிதம் இல்லாமல் வந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, அப்புறம் உள்ளே கூப்பிட்டு, மஞ்சள் மார்க்கர் அடித்த கெட்ட வார்த்தைகளைக் காட்டினீர்கள். ஐயா, தேடித் தேடி மார்க்கர் அடித்தவர் அந்த நேரத்தில் கதையையே படித்திருக்கலாம்.

ஆமாம், கதையின் நாயகன் ஹோல்டன் சிகரெட் பிடிக்கிறான், குடிக்கிறான், வாயைத் திறந்தால் வசவு. 16 வயதில் நாலு பாடத்தில் ஃபெயிலாகி, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து நியூயார்க்கில் சுற்றுகிறான். ஆனால் அவன் தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் செத்துப்போனதை யாராவது உங்களிடம் சொன்னார்களா? அன்று ராத்திரி கார் ஷெட்டில் படுத்திருந்த ஹோல்டன், அங்கிருந்த ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறுங்கையால் குத்தி உடைக்கிறான். அப்போது அவனுக்கு 13 வயது. தம்பி பச்சை மையில் கவிதை எழுதிவைத்த பேஸ்பால் கையுறையை ஹாஸ்டல் பெட்டியிலும் பத்திரமாக வைத்திருக்கிறான். அந்தப் பக்கங்களில் மார்க்கர் கோடு ஒன்றுகூட இல்லை, நான் பார்த்தேன்.

போன வருடம் என் அப்பா தவறியபோது எடுப்புக்கு ஒருநாள் விட்டீர்கள். கருமாதிக்கு லீவு கேட்டால், “மாடல் டெஸ்ட் இருக்கேம்மா” என்றீர்கள். தாத்தாவிடமே வளர்ந்த பையன். அதிலிருந்து வீட்டில் சரியாகப் பேசாதவன், இந்தப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, “அம்மா, இவன் அழவே மாட்டானா?” என்று கேட்டான். நீங்கள் பிடுங்கும்போது, ஹோல்டன் ராத்திரியில் திருட்டுத்தனமாக வீட்டுக்குள் நுழைந்து தங்கை ஃபீபி தூங்குவதைப் பார்க்கும் இடத்தில் இருந்தான். ஹோல்டன் அழும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி. நான் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன், அவனே படிக்கட்டும். அதற்குத்தான் புத்தகத்தைக் கேட்கிறேன்.

1951-ல் வந்த நாவல் இது, அமெரிக்காவிலேயே பல பள்ளிகள் தடை போட்டுப் பார்த்துவிட்டன. அவ்வளவு தூரம் எதற்கு? நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தபோது கண்டபடி திட்டு வாங்கியவர். ஆண்டு விழாவில் “நம் கடலூர் தந்த ஞானபீடம்” என்று அவர் பெயரைச் சொல்லித்தானே கைதட்டு வாங்கினீர்கள்? அந்தப் பையன் இன்று உங்களிடம் அட்மிஷனுக்கு வந்தால் வாட்ச்மேனைத் தாண்டியிருப்பானா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆறரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி எட்டு வரை நீட் கோச்சிங், ‘மாணவர் ஆலோசனை மையம்’ என்று போர்டு மாட்டிய அறையில் கால் உடைந்த பெஞ்சுகள். பிள்ளைகள் யாரிடம் போய்ப் பேசுவார்கள்? சரி, அதை வேறொரு மடலில் வைத்துக்கொள்வோம். கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன் என்றால் பெரிய மனது பண்ணுங்கள். ஆனால் புத்தகத்தைக் கொடுங்கள்.

திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னால் அவன் கையிலேயே கொடுத்தால் போதும், அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டோடு. நான்தான் வந்து வாங்க வேண்டுமென்றாலும் வருகிறேன். ‘புத்தகம் பெற்றுக்கொண்டேன்’ என்று எந்த நோட்டில் கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன், மன்னிப்புக் கடிதத்தில் போட மாட்டேன்.

இப்படிக்கு,
பிளஸ் ஒன் மாணவன் ஒருவனின் அம்மா,
கடலூர்.