கானா கோகோ வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறேன். உங்கள் நாட்டு விளைச்சலுக்கு முன்னால் எங்களுடையது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் மழை தவறினால் இங்கே எங்களுக்கு விலை ஏறுகிறது. அதனால்தான் உங்கள் ஊர்ச் செய்திகளை விடாமல் படிக்கிறேன். படித்ததில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

2024 ஏப்ரலில் உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில், இடுக்கியில், உலர்ந்த விதை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது. அதே மாதம், கோகோவைக் கொள்முதல் செய்யும் அரசு வாரியமான நீங்கள் உங்கள் விவசாயிக்கு அறிவித்த விலை 64 கிலோ மூட்டைக்கு 2,070 சீடி (உங்கள் நாட்டு நாணயம்). எங்கள் ரூபாயில் கிலோவுக்குச் சுமார் 200. அதுவும் ஏற்றிக் கொடுத்த விலை. அதற்கு முன்பு மூட்டைக்கு 1,308 சீடிதான்.

காரணம் தெரியாமல் பேசவில்லை. விளைச்சலில் பெரும்பகுதியைப் பருவம் தொடங்கும் முன்பே பழைய விலைக்கு விற்று, அந்த ஒப்பந்தங்களைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் கொள்முதல் செய்வது உங்கள் பல வருட வழக்கமாக இருந்தது. விலை விழும்போது இந்த ஏற்பாடு விவசாயியைக் காப்பாற்றியதும் உண்மை. 2017-ல் உலக விலை சரிந்தபோது ஐவரி கோஸ்ட் கொள்முதல் விலையை வெட்டியது, நீங்கள் வெட்டவில்லை. அதை மறக்கக் கூடாது. ஆனால் விலை ஏறும்போது அந்த லாபம் விவசாயியின் கைக்கு வரவில்லையே?

கோகோ வேலை எனக்குத் தெரியும். காயை வெட்டி, வழவழவென்று ஒட்டும் ஈர விதையைக் கையால் வழித்தெடுக்க வேண்டும். உங்கள் ஊரில் அதை வாழையிலையில் குவித்து மூடி, ஆறு நாள் புளிக்க விடுகிறார்கள். அப்புறம் மூங்கில் தட்டியில் பரப்பி, ஒரு வாரம் வெயிலில் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். மேகம் கறுத்தால் ஓடி வந்து சுருட்ட வேண்டும். இவ்வளவும் செய்பவர் பல இடங்களில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கூட இல்லை. 'அபுசா' என்ற பங்குச் சாகுபடி முறையில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு. நான் மேலே சொன்ன விலையிலும் அந்த மூன்றில் ஒரு பங்கு.

அப்படியிருக்க, மூட்டைகள் இரவோடு இரவாக அண்டை நாடுகளான டோகோவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் கடத்தப்படுவதில் என்ன ஆச்சரியம்? 'கலாம்சே' எனப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர் ரொக்கத்தோடு வந்து நிற்கும்போது தோப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். தோண்டிய மண்ணில் மறுபடி கோகோ வருவது கடினம். ஆற்றுத் தண்ணீரும் பாதரசத்தால் கெடுகிறது. போதாததற்குத் தண்டு வீக்க வைரஸ். நோய் வந்த மரத்தை வெட்டத்தான் வேண்டும், புதுக் கன்று காய்க்க மூன்று வருடமாவது ஆகும். விலையில் நம்பிக்கை இல்லாதவர் அத்தனை வருடம் எதை நம்பிக் காத்திருப்பார்? 2020-21 பருவத்தில் 10 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் 2023-24-ல் ஏறத்தாழப் பாதியானது. எல்லைக்குப் படையை அனுப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

2025 ஆகஸ்டில் உங்கள் நிதியமைச்சர், ஏற்றுமதி விலையில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று கணக்குச் சொல்லி டன்னுக்கு 51,660 சீடி அறிவித்தார். அந்தக் கணக்கைப் பார்த்து மகிழ்ந்தேன். அதை ஒரு தடவையோடு விடாதீர்கள். எத்தனை டன்னை, எந்த விலைக்கு முன்கூட்டி விற்றீர்கள், வாரியத்தின் செலவுக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு பருவமும் கொள்முதல் கொட்டகைகளில் ட்வி மொழியிலும், அந்தந்த ஊர் மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். விலை முடிவாகும் கூட்டத்தில் அபுசாக்காரர்களுக்கும் இடம் கொடுங்கள். அடுத்த பருவ விலையை அறிவிப்பதற்கு முன்பே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு கோகோ விவசாயி