சிமெண்டுப் பூச்சால் அழியும் சுண்ணாம்புச் சுவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2008 ஜூலை 7ஆம் நாள் பினாங்கின் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் இங்கே ஒரு பழைய கட்டடத்தின் மேல் கடப்பாரை பட்டால் போதும், செய்தி வருகிறது, எதிர்ப்பும் எழுகிறது. நல்லதுதான். ஆனால் பாரம்பரியப் பகுதியின் 109 ஹெக்டர் மையத்துக்குள் இன்று நாம் அஞ்ச வேண்டியது இடிப்பை விடப் பழுதுபார்ப்பைத்தான். நல்ல எண்ணத்தோடு, கைக்காசைச் செலவழித்து, சிமெண்டைப் பூசிச் சுவர்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

லெபோ பாசார், லெபோ குவீன், லெபோ பினாங்கு, லெபோ சூலியா தெருக்களின் பக்கம் நடந்து பாருங்கள். கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் நின்று சுவரின் கீழ்ப்பகுதியைத் தடவினால் கையில் வெள்ளை மாவு ஒட்டும். இடுப்பளவிலோ தோளளவிலோ சாயம் குமிழ் குமிழாக உப்பியிருக்கும். “பழைய சுவர் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பழமை அதற்குக் காரணமில்லை. அண்மையில் பூசியதுதான் காரணம்.

அந்தக் காலத்துக் கடைவீட்டுச் சுவர் மென்மையான சுட்ட செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. அடியில் ஓதத்தை, அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை, தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே உலரும். ஏறுவதும் உலர்வதும் ஒத்துப்போகும் இடத்தில், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள், ஓதம் நின்றுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் சாயத்தையும் அடித்தால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஏறுவது மட்டும் நிற்பதில்லை. பூச்சு இல்லாத இடத்தைத் தேடி மேலே போகிறது. உள்ளே மரச்சட்டங்கள் சுவருக்குள் செருகிய முனைவரை எட்டிவிடுகிறது. சட்டத்தின் நடுப்பகுதி இரும்பு போல இருக்கும், சுவருக்குள் இருக்கும் முனை மட்டும் உளுத்துப்போயிருக்கும்.

ஓதத்தோடு உப்பும் வருகிறது. கடலோர ஊர், பழைய சாக்கடை, கழிவுநீர் ஊறிய மண் என்று உப்புக்குக் குறைவில்லை. சுண்ணாம்புக் காரையில் உப்பு பூத்தால் காரை மெல்ல உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசினால் போதும். சிமெண்டுக்குப் பின்னால் அடைபட்ட உப்போ செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தைப் பிளக்கிறது. காரை போனால் மறுபடி பூசலாம். செங்கல் போனால் என்ன செய்வது?

சிமெண்டை நாடுவதற்கு ஒரு காரணம் அவசரம். 1966இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் பழைய வாடகைகள் இல்லாமல் போயின. பழைய குடிகள் வெளியேற, தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. புது வாடகைதாரர் திறப்பு நாளைக் குறித்துவிடுகிறார், வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் அந்த நாளுக்குள் முடித்தாக வேண்டும். சிமெண்ட் சில நாளில் இறுகிவிடும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகும்; அதை விரட்ட முடியாது.

செய்யும் முறை கடினமானதன்று. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற்றி, சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி தொட்டியில் குறைந்தது மூன்று மாதம் ஊற விட வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு இல்லாமல் யாரும் அருகில் போகக்கூடாது. ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணல் சொரசொரப்பாக, உப்பில்லாமல், கழுவியதாக இருக்க வேண்டும். சுவரை நனைத்துவிட்டு ஒரு பூச்சுக்கு 10 மில்லிமீட்டருக்கு மிகாமல் பூச வேண்டும். அடுத்த பூச்சுக்கு முன் ஒரு வாரமாவது விட வேண்டும். வெயில் படும் முகப்பில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். தடிமனாகப் பூசினால் உள்ளே இறுகாமல் தட்டாகப் பெயரும். சுண்ணாம்பு நிற்கவில்லை என்று குறை சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

அதன் மேல் பிளாஸ்டிக் சாயம் அடித்தால் செய்த வேலை வீண். பால் பதத்துக்குக் கரைத்த சுண்ணாம்பை மெல்லிசாக நான்கைந்து முறை, ஒரு நாள் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். நிறம் வேண்டுமானால் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் காவி, மஞ்சள் போன்ற மண்நிறங்களைக் கலக்கலாம். லெய்த் தெருவில் இருக்கும் சியோங் பாட் சி மாளிகையின் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்து வந்த நிறம்தான். சுண்ணாம்பை நம்பிச் சீரமைத்த அந்த மாளிகைக்கு 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியாகிவிட்டதென்றால் கொத்துளியால் கையால்தான் எடுக்க வேண்டும், இயந்திரம் வேண்டாம். செங்கல் முகத்தோடு சேர்ந்து பெயர்ந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். அடியிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைப்பது மேல். சுவரில் துளையிட்டு மருந்து செலுத்தினால் ஓதம் நிற்கும் என்று விற்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் முன் தரையைப் பாருங்கள். பழைய மண்ஓட்டுத் தரையை மூடிப் பளபளக்கும் டைல்ஸ் பதித்திருந்தால், தரை வழியே உலர வேண்டிய ஈரம் முழுவதும் சுவருக்குத்தான் போகும். சாலைக்குத் தார் போட்டுப் போட்டு உயர்த்தியதில் அஞ்சடி பள்ளமாகி, மழைநீர் சுவரடியில் தேங்குவதும் உண்டு. முற்றத்தைக் கண்ணாடித் தகடால் மூடிக் குளிர்சாதனம் வைத்த வீடுகளின் கதியும் இதுதான். காற்றோட்டம் நின்ற வீட்டில் எந்தச் சுவரும் உலராது.

சுவர் உச்சியில் முளைக்கும் அரசங்கன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடுங்கினால் மேலே ஒடியும், வேர் உள்ளேயே தடிக்கும். இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டிய உடனே வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்துக் காயும்வரை சில வாரம் காத்திருந்து, பிறகு எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். அரசமரத்தை வெட்டக்கூடாது என்ற தயக்கம் நம்மிடம் உண்டு, அதை மதிக்கிறோம். விரல் நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்து மண்ணில் நட்டுவிட்டால் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை.

இதையெல்லாம் கடைக்காரர்களிடம் சொல்வதை விட ஆலய நிர்வாகங்களிடம் சொல்வது இன்னும் அவசியம். கோபுரச் சிற்பத்தைச் சுதை என்கிறோம். சுதை என்றாலே சுண்ணாம்புதான். போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் பெற்றது 1824இல். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றிய 1801இல் அந்தப் பெயரே பிறக்கவில்லை. லெபோ குவீன் மகாமாரியம்மன் ஆலயம் எழுந்த 1833இல் அது இங்கிலாந்துக்கே புதிது. நம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவந்த கைவேலை சுண்ணாம்பு வேலை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்ற ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. பழைய கட்டடத்துக்கு இதைவிடச் சிறந்த பராமரிப்பு அட்டவணை கிடையாது. அந்த அட்டவணையை வைத்துக்கொண்டே சுதையின் மேல் சிமெண்டையும் எனாமல் சாயத்தையும் ஏற்றுவது மனத்தை வருத்துகிறது. சிற்பங்களின் கைகால்களுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அடைபட்ட ஈரத்தில் துருப்பிடித்துப் பருத்து, சில ஆண்டுகளில் விரல்களும் ஆயுதங்களும் உடைந்து விழுகின்றன. கம்பி மாற்ற வேண்டி வந்தால் துருப்பிடிக்காத எஃகையே கேளுங்கள்.

நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். கும்பாபிஷேக நாளைக் குறித்துவிட்டுப் பூச்சைத் தொடங்க வேண்டாம். பூச்சுக்கு எத்தனை வாரம் தேவை என்று கணக்கிட்டுவிட்டு நாள் பாருங்கள். குத்தகைப் பத்திரத்தில் “பூச்சு வேலை” என்று மட்டும் எழுதாமல் சுண்ணாம்பு எத்தனை மாதம் ஊறியது, மணல் எத்தனை பங்கு, எத்தனை பூச்சு, இடையில் எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசச் சொல்லி ஒரு மாதம் கழித்துத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் பணம் தர வேண்டாம். பாரம்பரியப் பகுதிக்குள் பழுதுபார்க்கவும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதால், மன்றமும் அனுமதிக் கடிதத்திலேயே இந்த விவரங்களைக் கேட்டுப் பெறலாம்.

பினாங்கில் மழை குறைவான மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது பூச வேண்டுமானால் சுண்ணாம்பு ஆகஸ்டு மாதத்துக்குள் தொட்டியில் இறங்கியிருக்க வேண்டும். சுண்ணாம்புக் கல் அண்டை மாநிலமான பேராக்கிலேயே கிடைக்கிறது.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சீரமைப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு