ஆக்ரா தம்பதியர் படப்பிடிப்பு: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஆக்ராவில் காலைப் பனிமூட்டம் தாஜ்மகாலையே மறைத்துவிடக் கூடும் என்பதால், நமது படப்பிடிப்பு பிப்ரவரிக் கடைசிக்கு மாற்றப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் திறக்கப்படாது. ஆகவே சனிக்கிழமை விடியற்காலையில், சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு கதவு திறக்கும்போதே அனைவரும் வரிசையில் நிற்க வேண்டும்.

1992-இல் இளவரசி டயானா தனியே அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட பளிங்கு இருக்கையைப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே கூட்டம் ஓயாது. அதைவிட, கல்லறைக்குக் கிழக்கேயுள்ள செங்கல் நிறக் கட்டடத்தின் வளைவுக்குள் இருவரும் நிழலுருவாக நிற்க, எதிரே காலை வெயில் பட்ட பளிங்குச் சுவர் பின்னணியாக அமைவதே எங்களுக்கு மிகவும் பிடித்த கோணம். வெள்ளை, சந்தன நிற உடைகள் பளிங்கோடு கரைந்துவிடும். அரக்கு, மயில்கழுத்து நிறப் பட்டுகள் எடுப்பாகத் தெரியும்.

முக்காலி, டிரோன், பெரிய பைகள் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கல்லறையின் உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. மும்தாஜும் ஷாஜகானும் அடக்கமான இடம் என்பதால், தூக்கிச் சுற்றுவது போன்ற காட்சிகளை மாலைக்கு ஒத்திவைக்கலாம். யமுனையின் எதிர்க்கரையிலுள்ள மேதாப் பாக் தோட்டத்தில் அந்தி வெளிச்சமும் இடவசதியும் உண்டு. அதற்குத் தனி நுழைவுச்சீட்டு தேவை.

ஒரே நிறம் திரும்பத் திரும்ப வராமலிருக்க, இருவரின் உடை நிறங்களையும் புதன்கிழமைக்குள் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.