ஆற்றுமுகக் கல்லிலிருந்து ஒரு படம் எடுங்கள்

சிங்கப்பூரில் தமிழில் படமும் தொலைக்காட்சித் தொடரும் எடுக்கும் படைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு சாகசப் படம் பார்த்தோம். காட்டுக்குள் மறைந்த நகரம், கிழிந்த வரைபடம், தொங்குபாலம், தங்கச் சிலை, கடைசியில் எல்லாம் இடிந்து விழுவது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது ரயிலில் கேட்டாள்: "அம்மா, மூட்டை தூக்கினவங்க அந்த ஊர்க்காரங்கதானே? அவங்களுக்கு வழி தெரியும்னா, அது எப்படிக் காணாமப் போன ஊரு?"

பெரு நாட்டு மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரம் மச்சு பிச்சுவின் கதையே அப்படித்தான். 1911 ஜூலையில் ஹிராம் பிங்கம் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே ஏறியபோது, இன்காக்களின் படிக்கட்டு வயல்களில் உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. இடிபாடுகளுக்குள் அவரைக் கூட்டிப்போனவன் ஒரு சின்னப் பையன். அந்தப் பையனைப் போன்ற ஒரு பிள்ளை நாயகனாகவோ நாயகியாகவோ வரும் படம் எனக்கு வேண்டும். அதைத் தமிழில், இந்த ஊரிலிருந்து தொடங்குங்கள்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு மணற்பாறை நின்றது. அதில் சுமார் 50 வரி எழுத்து. 1843இல் ஆங்கிலேயர்கள் இடம் வேண்டி அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் முழுதாகப் படித்துச் சொன்னதில்லை. சோழர்களின் 'பரகேசரி' பட்டத்தின் ஒரு பகுதி அதில் தெரிவதாக ஓர் ஆய்வாளர் கருதுகிறார். அது இன்னும் ஊகம்தான், படத்தில் முடிந்த முடிவாகக் காட்டிவிடாதீர்கள். விடை தெரியாத கல் என்பதே பிள்ளைகளை இழுக்கப் போதும்.

அப்புறம் கேன்னிங் கோட்டை மலை. பழைய அரசர்களின் இடம் என்று மலாய் மக்கள் ஏற அஞ்சிய 'புக்கிட் லாராங்கான்'. 1928இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது அங்கே 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. தொடக்கக் காட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பயணம் அங்கிருந்து வடக்கே போகட்டும். மலேசியாவில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் கடாரம் என்று படித்த நாடு. அதையும் தாண்டி தாய்லாந்தின் கிராபி. அங்கே குவான் லுக் பாட் என்ற இடத்தில் ஓர் உரைகல் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கல், 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கக் கடல் கடந்து கொண்டுவந்த கருவியில், இது இன்னாருடையது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், என் மகள் தன் அழிப்பானில் பெயர் எழுதி வைப்பது போல. அந்தக் கல்தான் படத்தின் புதையல். யாரும் அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு சிறுமி எழுத்துக் கூட்டி "பெ... ரும்..." என்று வாசித்தால் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

இதை நான் இவ்வளவு விரும்பக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது. தமிழ் தெரிந்ததால் மட்டுமே ஒரு பூட்டு திறக்கும் கதையை அவர்கள் திரையில் பார்த்ததே இல்லை. பேச்சும் வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். பாட்டியும் பேத்தியும் சண்டை போடட்டும், பாட்டிக்குத் தெரிந்த மலாய் பாதி வழியில் கைகொடுக்கட்டும். கெடாவிலும் கிராபியிலும் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் மூட்டை தூக்க வராமல் கூடவே தேட வரட்டும்.

கடைசியில் எல்லாம் இடிந்து விழும் காட்சி மட்டும் வேண்டவே வேண்டாம். நம் கல்லை ஒருமுறை வெடி வைத்துத் தகர்த்தது போதும்.

திரைக்கதை எழுதி முடித்ததும் படப்பிடிப்புக்கு முன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து இருபது பிள்ளைகளை உட்கார வைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஓர் அம்மா