மாவா, மரமா?

காஞ்சிபுரம்,
மாசி 5

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதாக எழுதியிருக்கிறாய். தேய், ஆனால் மாடிப்படி ஏறாதே. அன்று போனில் சரியாகப் பேச முடியவில்லை, வீடு முழுக்க ஆட்கள்.

நம் நண்பன் புள்ளி இறந்துபோனது புதன்கிழமை விடியற்காலை. பல் துலக்கப் போனவன் கிணற்றடியிலேயே சரிந்துவிட்டான். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. முந்தின நாள்தான் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுத்துவிட்டு வரும் வழியில் என் வீட்டுக்கு வந்தான். காபி வேண்டாம் என்று சொல்லி இரண்டு டம்ளர் குடித்தான். "இன்னும் ஒரு வருடத்துக்கு நான் சாவா மூவாப் பேராடு, அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சிரித்தான்.

நாம் மூவரும் சேர்ந்து படித்த முதல் விளக்குக் கொடைக் கல்வெட்டு நினைவிருக்கிறதா? 96 'சாவா மூவாப் பேராடு', நாளொன்றுக்கு உழக்கு நெய், கோயிலில் அணையாமல் எரிய ஒரு நுந்தா விளக்கு. ஆடு சாகாதா, கிழடு தட்டாதா என்று நீ கேட்டாய். செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டே இருக்கும், ஆடு மேய்க்கும் மன்றாடி கையில் கணக்கு மட்டும் 96 என்றே நிற்கும் என்று அவன்தான் விளக்கினான்.

கல்வெட்டைத் தாளில் மையொற்றி மைப்படி எடுப்பதில் அவனுக்கு இணை இல்லை. நனைந்த தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடிக்கும்போது பேசவே மாட்டான். புறங்கையால் தொட்டுப் பார்ப்பான். பாதி காய்ந்த பதம் வந்தால்தான் மை ஒற்றுவான். தன் கல்யாணத்தன்றுகூட நகக்கண்ணில் மையோடுதான் தாலி கட்டினான். எழுத்து போன இடத்தில் ஊகித்து எழுதச் சொன்னால் கோபம் வரும். மூன்று எழுத்து போயிருந்தால் மூன்று புள்ளி, அவ்வளவுதான். கல்லில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி இல்லை, இவன் தாள் முழுக்க வைக்கிறானே என்று நீதானே அந்தப் பெயரை வைத்தாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாலாற்றங்கரைக் கோயிலில், அடித்தளத்துக் குமுதப்படையில், அவனும் நானும் 22 வருடம் சண்டை போட்ட அந்த வரி. மகரம், அதையடுத்து ஒரு கோடு, அப்புறம் கம்பித் தூரிகைக்கும் அசையாத சுண்ணாம்புக் காரை. கோடு துணைக்காலா, ரகரமா? கல்லில் இரண்டும் ஒன்றுதான். நான் 'மா' என்றேன், வேலியில் இருபதில் ஒரு பங்கு நிலம். காரைக்கு அடியில் இன்னும் ஓர் எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று அவன் 'மர' என எழுதி ஒரு புள்ளி வைத்தான். எனக்கு நிலம், அவனுக்கு மரம்.

தை பிறந்ததும் அந்தப் பக்கம் போனேன். யாரோ காரையைச் சுரண்டியிருக்கிறார்கள். காலை ஏழு மணிச் சாய்வெயிலில் பார்த்தேன். கோட்டுக்கு அடுத்து ஒரு மகரம், கால்வாசிதான் மிச்சம், ஆனால் மகரமேதான். மரம்.

மூன்று வாரம் அவனிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று காபி குடித்தானே, அப்போதும் நாக்கு நுனிவரை வந்தது. அவனையே அழைத்துப்போய்க் காட்டலாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். வீம்பு, வேறொன்றும் இல்லை.

அவன் மனைவி நோட்டுப் புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் பென்சிலில் 'மர', பக்கத்தில் அந்தப் புள்ளி. அதன்மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ வந்து பார்த்துவிட்டு உன் கையால் எழுது. நான் எழுதினால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

வருகிற வியாழன் பதினாறாம் நாள். புதனன்றே வந்துவிடு, பெரிய லென்ஸை மறக்காதே. காரியம் முடிந்த மறுநாள் கோயிலுக்குப் போகலாம். ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதை விட்டால் வெயில் நிமிர்ந்துவிடும், எழுத்துத் தெரியாது.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்